தங்கமீன் தலைகீழாக மிதப்பது ஏன்?

மீன் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது குழம்புதான். இவ்வாண்டு மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று வேண்டும் என்று இதழ்க் குழுவினர் கேட்டபோது, "மீனைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "சமையல் குறிப்பு வேண்டாம்" என்று உடனே பதில் வந்தது. இது சமையல் குறிப்பு அன்று. ஆனால் கட்டுரையின் பாதி எங்கள் பாட்டி வீட்டு அடுப்படியில்தான் நடக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

2024 பிப்ரவரி, தவணை விடுமுறை. ஈப்போவில் இருக்கும் பாட்டி வீட்டிற்குப் போயிருந்தேன். வழக்கமாகக் கதவைத் திறந்ததும் "சாப்பிட்டியா?" என்று கேட்கும் பாட்டி அன்று ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து நேரே கூடத்து மீன் தொட்டியின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே குண்டன் வயிற்றை மேலே காட்டி மிதந்துகொண்டிருந்தான். செத்துவிட்டான் என்றே நினைத்தேன். ஆனால் செவுள் அசைந்தது. துடுப்புகளை அடித்துத் திரும்பப் பார்ப்பான், அரை வட்டம் திரும்புவான், மீண்டும் கவிழ்ந்துவிடுவான். தண்ணீருக்கு வெளியே தெரிந்த வயிற்றுப் பகுதி சிவந்திருந்தது.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து இப்படித்தாம்மா கெடக்கான். கொஞ்சம் மஞ்சத்தூள் போடட்டுமா?" என்றார் பாட்டி.

குண்டன் ஓர் ஒரண்டா வகைத் தங்கமீன். தலையில் தக்காளியை வெட்டி ஒட்டியதுபோல் சதைக் கிரீடம், பந்துபோன்ற உடல், இரட்டை வால். 2019-ஆம் ஆண்டு சீனப் பெருநாளுக்கு முன் தாத்தா ஒரு கடையிலிருந்து குண்டனையும் ராணியையும் சோடியாக வாங்கி வந்தார். கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயக்குட்டைகளில் மீன் வளர்ப்பது புதிதல்ல. தாத்தாவும் இளமையில் குட்டைகளில் தூண்டில் போட்டவர்தான். ஆனால் பிடித்ததைத் தின்னாமல் கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பது என்பது ஓய்வு பெற்ற பிறகு வந்த ஆசை. கடைத் தவுக்கே பையைக் கட்டிக் கொடுக்கும்போது "ஜாங்ஙான் பாகி பாஞாக்" என்றாராம். அதிகம் போடாதே என்பது பொருள். அந்தச் சீனர் சொன்ன விதத்தைத் தாத்தா நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்கவைப்பார். சிரித்தோமே தவிர, சொன்னதைக் கேட்கவில்லை.

ராணி 2020-இல் செத்தது. அவ்வாண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நாங்கள் ஐந்து பேர் அந்த வீட்டில் இருந்தோம். நான் ஐந்தாம் படிவம். பள்ளி இல்லை, வேலை இல்லை, வெளியே போக வழியில்லை. தொட்டிப் பக்கம் போகும் ஒவ்வொருவரும் ஒரு சிட்டிகை போட்டோம். ஐந்து பேர் ஐந்து சிட்டிகை. ஒரு நாளில் எத்தனை முறை என்று யார் கணக்கு வைத்தார்கள்? இரண்டு மாதத்தில் ராணி பக்கவாட்டில் சாய்ந்து, பிறகு கவிழ்ந்து, ஒரு வாரம் அப்படியே கிடந்து இறந்தது. "ஆயுசு அவ்வளவுதான்" என்றோம். இன்று அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. தங்கமீன் பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியது.

தாத்தா 2022-இல் காலமானார். அவர் வாங்கி வந்து, அவர் கையால் வளர்த்து, இன்னும் உயிரோடு இருப்பது அந்த வீட்டில் குண்டன் மட்டுமே. பாட்டி அவனோடு பேசுவார். அவன் கண்ணாடிப் பக்கம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவான். பாட்டி உடனே தீனி போடுவார். இதுதான் சூழல். நான் உயிரியல் மாணவி என்பதால் பாட்டியின் பார்வையில் பாதி மருத்துவர். மறுக்க முடியாத நிலையில் மாட்டிக்கொண்டேன்.

ஒரு தேக்கரண்டி காற்று

முதலில் மீன் எப்படி மிதக்கிறது என்று பார்ப்போம். மீனின் தசையும் எலும்பும் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானவை. ஒன்றும் செய்யாவிட்டால் மீன் மூழ்கிப்போகும். இதை ஈடுகட்டவே உடலுக்குள் காற்றுப்பை இருக்கிறது. நன்னீர் மீன்களில் அது உடலின் கன அளவில் ஏறக்குறைய 7 விழுக்காடு. குண்டனின் எடை 80 கிராம் (எப்படி நிறுத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்). கணக்குப் போட்டால் அவனுக்குத் தேவையான காற்று ஐந்தரை மில்லிலிட்டர் அளவு, அதாவது ஒரு தேக்கரண்டியும் சொச்சமும். அவ்வளவுதான். இந்த ஒரு தேக்கரண்டிக் காற்றில்தான் ஒரு மீனின் மேல் கீழ் எல்லாம் அடங்கியிருக்கிறது. இதன்மேல் குடலுக்குள் இன்னும் ஒரு மில்லிலிட்டர் காற்று சேர்ந்தால் ஒரு கிராம் எடையை மேலே தூக்கும் விசை கூடுகிறது. நமக்கு ஒரு கிராம் ஒன்றுமில்லை. நடுநீரில் சமநிலையில் நிற்கும் 80 கிராம் மீனுக்கு அது ஓயாத இழுபறி.

இன்னொன்றும் உண்டு. பல மீன்களின் உடல் இயல்பாகவே கவிழக்கூடியது. காற்றுப்பை இருக்கும் இடமும் உடலின் எடை குவியும் இடமும் ஒத்துப்போவதில்லை. துடுப்புகளை விடாமல் ஆட்டித்தான் மீன் நிமிர்ந்து நிற்கிறது. நமக்கு அது சும்மா நிற்பதுபோல் தெரிகிறது. உண்மையில் மிதிவண்டி ஓட்டுவதுபோன்ற வேலை.

முதலாமாண்டு ஆய்வுக்கூடத்தில் நாங்கள் திலாப்பியாவை அறுத்தோம். வெள்ளையாய், பளபளப்பாய், முதுகெலும்பின் கீழே ஒட்டியிருந்த காற்றுப்பையை ஊசியால் குத்தியவுடன் சுருங்கிப்போனது நினைவிருக்கிறது. திலாப்பியாவின் காற்றுப்பை மூடிய பை. காற்று இரத்தத்தின் வழியாகத்தான் உள்ளே வரும், வெளியே போகும். தங்கமீன் அப்படியல்ல. அது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சந்தையில் நாம் வாங்கும் லம்பாமும் அதே குடும்பம்தான். இவற்றின் காற்றுப்பையிலிருந்து மெல்லிய குழல் ஒன்று உணவுக்குழாய்க்குப் போகிறது. மீன் மேலே வந்து காற்றை விழுங்கிப் பையை நிரப்பலாம். தேவையில்லாததை அதே வழியில் வெளியே விடலாம். கெண்டை இனத்தில் பைக்கு இரண்டு அறைகளும் உண்டு: முன்னறை, பின்னறை. முன்னறை சிறு எலும்புகள் மூலம் காதோடு தொடர்புடையது. தங்கமீனுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது அதனால்தான். பாட்டி பேசுவது வீண்போகவில்லை என்று சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது.

காட்டுக் கெண்டையில் இந்த ஏற்பாடு அழகாக வேலை செய்யும். அதன் உடல் நீளமானது. குடலுக்கு ஓர் இடம், பைக்கு ஓர் இடம். சீனாவில் சோங் அரசமரபுக் காலத்திலிருந்து (960–1279) மனிதர்கள் நிறத்துக்காகவும் வடிவத்துக்காகவும் தேர்ந்தெடுத்து வளர்த்ததன் விளைவாகவே இன்றைய தங்கமீன் வகைகள் உருவாகின. ஒரண்டா, ரியூகின், ரஞ்சு, முத்துச் செதில் போன்ற வகைகளின் உடல் குட்டையாகி உருண்டுவிட்டது. முதுகெலும்பு வளைந்துவிட்டது. ஆனால் உள்ளே இருக்கவேண்டியவை அனைத்தும் அப்படியே இருக்கின்றன. மூன்று அறை வீட்டின் சாமான்களை ஓர் அறைக்குள் அடுக்கியதுபோல! குடல், ஈரல், காற்றுப்பை எல்லாம் ஒன்றையொன்று நெருக்குகின்றன. பின்னறை பல மீன்களில் சிறுத்துப்போயிருக்கும். ரஞ்சுவுக்கு முதுகுத் துடுப்பே கிடையாது. அழகுக்காக நாம் செய்த வேலைக்கு மீன் தன் சமநிலையை விலையாகக் கொடுத்திருக்கிறது என்பது என் எண்ணம். ஆனாலும் அந்த அழகில் மயங்காமல் இருக்கவும் முடியவில்லை.

இரைப்பை இல்லாத வயிறு

"மீனோட வயிறு அதோட கண்ணு அளவுதான்" என்று மீன் வளர்ப்போர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தங்கமீனைப் பொறுத்தவரை இது தவறு. அதற்கு இரைப்பையே இல்லை! திலாப்பியாவுக்கு இருக்கிறது, ஆட்டுக்கு இருக்கிறது, நமக்கு இருக்கிறது, தங்கமீனுக்கு இல்லை. தொண்டையில் உள்ள பற்களால் உணவை நசுக்கி நேராகக் குடலுக்கு அனுப்பிவிடுகிறது. அமிலத்தில் ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் கிடங்கு அதனிடம் இல்லை. இயற்கையில் அது நாள் முழுதும் சேற்றைக் கிளறி, பாசியையும் பூச்சியையும் சிறிது சிறிதாக மேய்ந்துகொண்டே இருக்கும். அப்படி வரும் சிறு சிறு உணவுக்கு ஏற்றதே அந்தக் குடல்.

நாம் என்ன செய்கிறோம்? உலர்ந்த உருண்டைத் தீனியை ஒரே நேரத்தில் கொட்டுகிறோம். அதுவும் மிதக்கும் தீனி. மீன் மேலே வந்து 'ப்ளக் ப்ளக்' என்று விழுங்குவதைப் பார்க்க நமக்கு மகிழ்ச்சி. அப்படி விழுங்கும்போது தீனியோடு காற்றும் உள்ளே போகிறது. தலைகுனிந்து தரையில் மேயப் படைக்கப்பட்ட வாயை வானத்தைப் பார்க்க வைத்தால் வேறென்ன நடக்கும்? மிதக்கும் தீனி மனிதனின் கண்ணுக்காகச் செய்யப்பட்டது என்றே சொல்வேன். அதைத் தின்னும் எல்லா மீனும் கவிழ்ந்துவிடுவதில்லை. நீள உடல் கொண்ட சாதாரணத் தங்கமீன் அதைத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டுப் போய்விடும். உருண்டை உடல் கொண்டதற்குத்தான் ஆபத்து.

அடுத்தது ரொட்டி. பாட்டியின் காலை உணவு தேநீரும் இரண்டு துண்டு ரொட்டியும். ஓரத்தைப் பிய்த்துக் குண்டனுக்குப் போடுவது தாத்தா காலத்து வழக்கம். ரொட்டி தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும். நெருக்கமான குடலில் அது அடைத்துக்கொள்ளலாம். தேங்கி நின்றால் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைத்து வாயு உண்டாக்கலாம். மீனுக்குத் தேவையான புரதமோ மிகக் குறைவு.

உருண்டைத் தீனியும் ஊதும். நம்பாதவர்கள் ஒரு குவளைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நான் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். 2 மில்லிமீட்டர் குறுக்களவு இருந்த உருண்டை பத்து நிமிடத்தில் 3 மில்லிமீட்டரை நெருங்கியது. பார்வைக்குச் சிறு வேறுபாடு. ஆனால் கன அளவு ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடுகிறது. எஸ்.பி.எம். கணிதத்தில் கோளத்தின் கன அளவைக் கற்றபோது இதற்கெல்லாம் பயன்படும் என்று எந்த ஆசிரியரும் சொல்லித் தரவில்லை.

நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. குளிர் நாடுகளில் எழுதப்பட்ட குறிப்புகள், தண்ணீர் குளிர்ந்துவிட்டால் மீனின் செரிமானம் மந்தமாகும் என்று எச்சரிக்கும். ஈப்போ வீட்டுக் கூடத்தில் தண்ணீர் 29 பாகை. குளிரும் பேச்சுக்கே இடமில்லை. மாறாக, வெப்பம் கூடும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் உயிர்வளி குறைகிறது. 20 பாகையில் ஒரு லிட்டரில் 9 மில்லிகிராம் வரை கரையக்கூடியது, 30 பாகையில் ஏழரைதான். அதே சமயம் வெப்பத்தில் மீனின் உடல் வேகமாக இயங்கி உயிர்வளியை அதிகம் கேட்கிறது. மிச்சத் தீனியும் சீக்கிரம் அழுகுகிறது. மூச்சுக்குத் தவிக்கும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடும். நாமோ "பாவம், பசிக்குது" என்று இன்னும் ஒரு சிட்டிகை போடுவோம். எங்கள் வீட்டில் நடந்தது இதுவேதான்.

கண்ணாடிப் பக்கம் வந்து வாயசைப்பது பசியும் அன்று. தங்கமீனின் நினைவாற்றல் மூன்று வினாடி என்பது கட்டுக்கதை; அது கற்றதை வாரக்கணக்கில் மறப்பதில்லை. வாயைத் திறந்தால் பாட்டி வருவார், பாட்டி வந்தால் தீனி வரும் என்று குண்டன் கற்றுக்கொண்டிருந்தான். யார் யாரைப் பழக்கினார்கள் என்பது ஆய்வுக்குரியது.

ஒரு நாள் கணக்கு

எவ்வளவு போடுகிறோம் என்று கேட்டால் பாட்டியின் பதில், "ரொம்பல்லாம் இல்லம்மா, ஒரு சிட்டிகைதான்." ஆகவே ஒரு சோதனை செய்தோம். குண்டன் கவிழ்ந்து கிடந்ததால் தீனி நிறுத்தப்பட்டிருந்தது. ஒரு நாள் முழுதும், வழக்கமாகப் போடத் தோன்றும் ஒவ்வொரு முறையும் அந்தச் சிட்டிகையைத் தொட்டியில் போடாமல் பக்கத்தில் வைத்த கிண்ணத்தில் போடச் சொன்னேன். காலை தேநீரோடு, குளித்துவிட்டு வந்தபின், மதியச் சமையலுக்கு முன், மதியம் தொடர் முடிந்ததும், விளக்கேற்றியபின், படுக்கப்போகும்முன். இரவு அந்தக் கிண்ணத்தைச் சமையலறைத் தராசில் வைத்தேன். 4 கிராம். ரொட்டி ஓரம் தனி.

இப்போது மீனின் எடை. ஒரு கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரை ஊற்றித் தராசில் வைத்து எண்ணைச் சுழியமாக்கிவிட்டு, குண்டனைக் கையில் ஏந்தி அதற்குள் விட்டேன். 80 கிராம். வளர்ந்த தங்கமீனுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 1 விழுக்காடு உலர்தீனி போதும் என்பது மீன் வளர்ப்போர் பலரும் பின்பற்றும் கணக்கு. அப்படியானால் 0.8 கிராம். பாட்டி போட்டது அதைப்போல் ஐந்து மடங்கு. நாளொன்றுக்கு இரண்டு வேளை சாப்பாட்டுக்குப் பதில் பத்து வேளை சாப்பாடு போடுவதற்குச் சமம் என்று விளக்கினேன். பாட்டி ஒன்றும் பேசாமல் அந்தக் கிண்ணத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "ராணியும் இப்படித்தான் போச்சா?" என்று கேட்டார்.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. ராணிக்குப் போட்டவர்கள் ஐந்து பேர். அதில் நானும் ஒருத்தி.

0.8 கிராமை வீட்டுத் தராசு காட்டாது. ஆகவே கால் தேக்கரண்டி தீனியைப் பத்து முறை அளந்து கொட்டி நிறுத்தேன். 8 கிராம் வந்தது. ஆக, ஒரு முறைக்கு 0.8. காய்ச்சல் மருந்தோடு வரும் 2.5 மில்லிலிட்டர் நெகிழிக் கரண்டி ஒன்று வீட்டில் இருந்தது. அதில் பாதி, கால் தேக்கரண்டிக்குச் சரி. நடுவில் சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டுக் கொடுத்தேன். அந்த அரைக் கரண்டியை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்து நாளெல்லாம் கொடுக்கலாம். மேய்ந்து தின்னும் மீனுக்குச் சிறு அளவாகப் பலமுறை கொடுப்பது நல்லதே. மொத்த அளவு கூடக்கூடாது. ஒவ்வொரு வேளையும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கவேண்டும். நீங்கள் பயன்படுத்தும் தீனியின் உருண்டை அளவு வேறாக இருந்தால் கரண்டிக் கணக்கும் மாறும் என்பதால், உங்கள் வீட்டில் நீங்களே நிறுத்துக்கொள்ளுங்கள்.

தீனியையும் மாற்றினோம். மிதப்பதற்குப் பதில் மூழ்கும் வகை. அதையும் சிறு கிண்ணத்தில் தொட்டித் தண்ணீர் எடுத்து ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவைத்துப் போடவேண்டும். அதற்குமேல் ஊறினால் நீரில் கரையும் உயிர்ச்சத்துகள் வெளியேறி வீணாகும். அரிசி ஊறவைப்பதுபோல் முதல் நாள் இரவே போட்டுவைப்பது கூடாது. பாட்டி அதைத்தான் முதலில் செய்தார்.

பட்டாணியும் அகார்-அகாரும்

கவிழ்ந்த தங்கமீனுக்குப் பச்சைப் பட்டாணி என்பது மீன் வளர்ப்போர் உலகில் நம் வீட்டுச் சுக்குக் கஷாயம்போல. உப்பில்லாமல் வேகவைத்து, தோலை உரித்து, நசுக்கிச் சிறு துண்டாகக் கொடுக்கவேண்டும். குண்டனுக்கு நான் செய்தது இதுதான்: மூன்று நாள் தீனி இல்லை. நாள்தோறும் கால்வாசித் தண்ணீரை, குளோரின் நீக்கும் மருந்து கலந்த புதுத் தண்ணீரால் மாற்றினேன். மேலே வர அதிகம் போராடவேண்டாமென்று நீர்மட்டத்தை 15 சென்டிமீட்டராகக் குறைத்தேன். காற்றுக்குமிழிக் கருவி ஒன்றைப் பொருத்தினேன். நான்காம் நாள் பட்டாணி. முதலில் துப்பினான். மாலையில் தின்றான். நீண்ட கழிவு ஒன்று வெளியேறியது. பாட்டி அதைப் பார்த்துக் கைதட்டினார். ஆறாம் நாள் சாய்ந்தபடி நீந்தினான். ஒன்பதாம் நாள் நிமிர்ந்தான்.

பட்டாணிதான் காப்பாற்றியது என்று பாட்டி தெருவெல்லாம் சொல்லியிருக்கிறார். ஆனால் நான் ஒரே நேரத்தில் ஐந்து காரியங்கள் செய்தேன். எது குணப்படுத்தியது என்று எந்தத் தேர்வாளரும் ஏற்கும்படி என்னால் நிறுவ முடியாது. பட்டாணியில் நார்ச்சத்து இருப்பது உண்மை. அதைவிட, அது மூழ்கும் உணவு, ஈரமான உணவு, காற்றில்லாத உணவு. பட்டாணி தின்னும் நாளில் மீன் ரொட்டியும் உலர்தீனியும் தின்னவில்லை என்பதே பெரிய மருந்தாக இருக்கலாம். அதற்காகத் தினமும் பட்டாணியே போடுவதும் தவறு. தங்கமீன் அனைத்துண்ணி, அதற்குப் புரதம் வேண்டும். வாரம் ஒருமுறை போதும்.

பிறகு ஈர உணவு நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. மேலைநாட்டுக் குறிப்புகளில் ஜெலட்டின் கலந்து கட்டியாக்கச் சொல்கிறார்கள். செய்து பார்த்தேன். எங்கள் தொட்டியின் வெப்பத்தில் அது நெகிழ்ந்து கரைந்து தண்ணீரையே கலக்கிவிட்டது. ஜெலட்டின் 30 பாகையைத் தாண்டும்போதே உருகத் தொடங்கும். அடுத்து அகார்-அகார். ஒருமுறை உறைந்துவிட்டால் 85 பாகை வரை அது உருகாது. நம் பெருநாள் பலகாரத் தட்டுகளில் வெயிலில் நாள் முழுதும் நிற்குமே, அதே காரணம்தான். அகார்-அகார் மீனுக்குச் செரிக்காது, நார்ச்சத்துபோல் கடந்துபோய்விடும்.

செய்முறை எளிது. வெந்த முளைக்கீரை ஒரு பிடி, உரித்த பட்டாணி ஒரு பிடி, வெந்த இறால் மூன்று, ஊறவைத்த தீனி இரண்டு மேசைக்கரண்டி. உப்பு, எண்ணெய், மசாலை எதுவும் கூடாது. மையாக அரைத்துக்கொள்ளவும். ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அகார்-அகார் தூளைக் கொதிக்கவைத்து, கொதி அடங்கிய பின் அரைத்ததைச் சேர்த்துத் தட்டில் ஊற்றவும். கொதிக்கும்போதே சேர்த்தால் தீனியில் உள்ள உயிர்ச்சத்து வீணாகும். ரொம்ப ஆறவிட்டால் சட்டியிலேயே உறைந்துவிடும். உறைந்ததைப் பட்டாணி அளவினும் சிறிய துண்டுகளாக வெட்டிக் குளிர்பெட்டியில் நான்கைந்து நாள் வைத்துக்கொள்ளலாம். உறைபெட்டியில் வைக்கவேண்டாம், எடுத்து இளக்கும்போது நீர் பிரிந்து சக்கையாகிவிடும். ஈர உணவில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் கரண்டிக் கணக்கை அப்படியே இதற்குப் பொருத்தக்கூடாது. இங்கும் இரண்டு நிமிடக் கணக்கே துணை. பாட்டி இதைச் சனிக்கிழமைகளில் மட்டும்தான் செய்வார். வெள்ளிக்கிழமை அந்த அடுப்பில் இறால் ஏறாது.

சமையல் குறிப்பு வேண்டாம் என்று சொன்ன ஆசிரியர் மன்னிக்கவும்.

தீனியால் வராதவை

இங்கே ஓர் எச்சரிக்கை. கவிழும் மீனெல்லாம் அதிகம் தின்றதால் கவிழ்ந்தது என்று நினைத்துவிடக்கூடாது. 'காற்றுப்பை நோய்' என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அது ஒரு நோய் அன்று, ஓர் அறிகுறி. கிருமித் தொற்றால் பையில் நீர் கோத்துக்கொள்ளலாம். சிறுநீரகம் வீங்கிப் பையை நெருக்கலாம். பெண் மீனில் முட்டை தேங்கலாம். பிறவியிலேயே பை கோணலாக இருக்கலாம். மேலே மிதக்காமல் தரையில் கிடந்து எழமுடியாமல் தவிக்கும் மீனும் உண்டு. அதற்குப் பட்டினி போட்டுப் பயனில்லை. செதில்கள் பலாக்காய் முள்போல் விரிந்து நின்றால் அது வேறு நோய். அப்போது மீன் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம்தான் போகவேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாகத் தண்ணீரைச் சோதியுங்கள். குண்டன் கவிழ்ந்த அன்று சோதனைக் குழாயில் ஊற்றிய தண்ணீர் பச்சையாக மாறியது. அம்மோனியா இருக்கிறது என்று பொருள். ஐந்து மடங்குத் தீனி என்றால் ஐந்து மடங்குக் கழிவு. வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்களால் அதைச் சமாளிக்க முடியவில்லை. அதிகத் தீனி மீனை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் தாக்குகிறது என்பதை இந்த இரண்டாவது வழியில்தான் பலர் கவனிப்பதில்லை.

பாட்டியின் சொல்

எல்லாவற்றையும் ஒத்துக்கொண்ட பாட்டி ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. வாரத்தில் ஒருநாள் தீனி இல்லாமல் விட்டால் குடல் காலியாகி மீனுக்கு நல்லது. ஆரோக்கியமான வளர்ந்த தங்கமீனுக்கு ஒருநாள் உணவில்லாதது துன்பமே அன்று. இதைச் சொன்னதும் பாட்டிக்குக் கோபம் வந்தது.

"வாயில்லா சீவனைப் பட்டினி போடச் சொல்றியா? உங்க தாத்தா இருந்தா கேப்பாரா?"

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் பாட்டி. பட்டினி என்றால் என்னவென்று பாடநூலில் படித்தவர் அல்லர். என்னிடம் பதில் இல்லை. அறிவியலில் சொல்லக்கூடியதை எல்லாம் சொல்லியாகிவிட்டது. பல்கலைக்கழகம் திரும்பிவிட்டேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு இடைநிலைப்பள்ளியில் மலாயில் அறிவியல், இங்கே ஆங்கிலத்தில் விரிவுரை. காற்றுப்பைக்கும் குழலுக்கும் தமிழில் சொல் தேடி பாட்டிக்கு விளக்கியவள், இந்த ஒரு சொல்லில் தடுக்கி விழுந்தேன்.

இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் அவரே சொன்னார்: "வெள்ளிக்கெழம அவனுக்கும் போடறதில்லம்மா. நான் வெரதம், அவனும் வெரதம்."

அவ்வளவுதான். அதுமுதல் ஒரு வெள்ளியும் தவறியதில்லை.

2024 அக்டோபர் 31, தீபாவளி. திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்த பிள்ளைகளில் ஒருவன் முறுக்கை ஒடித்துத் தொட்டிக்குள் போட்டுவிட்டான். யாரும் பார்க்கவில்லை. இரவு குண்டன் சாய்ந்தபோதுதான் தரையில் எச்சத்தைக் கண்டோம். நல்லவேளை, மறுநாள் வெள்ளி. அத்துடன் சனியும் சேர்த்து விரதம் நீட்டிக்கப்பட்டது. ஞாயிறு காலை நிமிர்ந்துவிட்டான். அதன்பின் விருந்தினர் வரும் நாளில் பாட்டி தொட்டியின் வாயைப் பழைய சேலைத் துண்டால் கட்டிவிடுகிறார்.

குண்டன் முழுதும் குணமாகிவிடவில்லை. தீனி தின்ற அரைமணி நேரத்துக்கு வால்பக்கம் சற்று மேலே தூக்கிக்கொள்கிறது, பிறகு சரியாகிவிடுகிறது. அவன் உடலமைப்பு அப்படி. போன வெள்ளி இரவு கோயிலுக்குப் போய்வந்து பாட்டி அழைத்தார். தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். குமிழிக் கருவியின் சத்தம் எனக்கும் கேட்டது.

"என்னையே பாத்துக்கிட்டு வாயத் தொறக்கிறான். நான் காலையிலதாண்டா-ன்னு சொல்லிட்டேன்" என்றார். அப்புறம், சிவப்புக் கோடு அழிந்துபோய்விட்டது, வரும்போது அந்த நகப்பூச்சை எடுத்து வா என்றார்.